வாசல் யார் வீட்டுப் பக்கம்?

"வாசலை என் வீட்டுக்கு நேரா வரைஞ்சிருக்கீங்களே, உங்களுக்கும் எனக்கும் ஏதாவது முன்விரோதம் இருக்கா?" என்று வக்கீல் கேட்டார்.

வரைவாளர் மேசைமேல் விரித்திருந்த டிரேசிங் தாளைக் குனிந்து பார்த்தார். வடக்குத் தெருவின் நடுவில், வக்கீல் வீட்டுக்கு எதிரே, பூங்காவின் வாசல் இருந்தது. அதை அங்கே வைத்தது அவர் இல்லை. பழைய வரைபடத்தில் அங்கே இருந்தது, ஆகவே புதியதிலும் இருந்தது. அவர் வேலை பார்த்த பூங்கா இலாகாவில் இடத்தைப் போய்ப் பார்த்து வரைகிற கெட்ட பழக்கம் யாருக்கும் கிடையாது. பழைய படத்தைப் பார்த்துப் புதிய படம் வரைவார்கள். பழைய படத்தை வரைந்தவர் அதற்கும் பழையதைப் பார்த்து வரைந்திருப்பார்.

"அது ஏற்கெனவே இருக்கிற வாசல் சார். புதுசா எதுவும்..."

"இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிட்டேன். இப்பதான் மக்கள் கருத்து கேட்கறீங்களே, நான் மக்கள் இல்லையா? காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிக்குது. திறக்கறது, மூடறது, திறக்கறது, மூடறது. அந்தக் கேட்டு போடற கிறீச் சத்தத்துல என் தூக்கம் போச்சு. தூக்கம் போனதால போன மாசம் ஒரு கேஸே போச்சு."

கேஸ் போனதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்று வரைவாளருக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லும் நிலைமையில் அவர் இல்லை.

நிலைமை இதுதான். அவருடைய மனைவி ஒன்பது மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊரில் கணக்கு டீச்சர். ஒரே மகளுக்கு ஏழு வயது. ஐந்து வருடமாக அவர் மாதத்துக்கு ஒரு தடவை போய், ஒரு நாள் தங்கி, துணி துவைப்பதற்குள் திரும்பிவிடுவார். போன மாதம் மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்தாள். அம்மாவும் அவளும் வீட்டுக்குள் நின்றார்கள். அப்பாவைப் பஸ்ஸுக்குள் போட்டிருந்தாள். படம் வரைந்தே பிழைக்கிற மனிதர், அந்தப் படத்தைப் பார்த்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இப்போது அந்த ஊரில் ஒரு இடம் காலி. மாறுதல் உத்தரவு டைப் அடித்துத் தயாராகப் பெரிய இன்ஜினியரின் மேசைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், கையெழுத்து மட்டும் இல்லாமல் கிடந்தது.

"பூங்கா மேம்பாட்டுப் படத்துக்கு ஆட்சேபணை ஒண்ணுகூட இல்லைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் கொண்டாங்க. அன்னிக்கே போட்டுடறேன். திங்கட்கிழமை போனா அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடுவான்" என்று பெரிய இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுகூடவா சார்?"

"ஒண்ணுகூட. மக்கள் பங்கேற்புன்னா என்ன நினைச்சீங்க? மக்கள் எல்லாரும் வரணும், பார்க்கணும், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

அதனால் வரைவாளர் பிளேடை எடுத்தார். டிரேசிங் தாளில் மையால் போட்ட கோட்டை அழிக்க பிளேடால்தான் சுரண்ட வேண்டும். வடக்கு வாசலைப் பதமாகச் சுரண்டி, கிழக்குத் தெருவில் கொண்டுபோய் வரைந்தார். ஒரு வாசலை நகர்த்தக் கால் மணி நேரம் ஆயிற்று. இவ்வளவுதானா மக்கள் பங்கேற்பு என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் கிழக்குத் தெருப் பல் டாக்டர் வந்தார்.

கருத்துக் கேட்புக்காக நான்கு தெருவுக்கும் ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதன் முதல் கேள்வி: பூங்காவுக்கு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள்? தினமும், வாரம் ஒருமுறை, வருவதில்லை. தினமும் வருபவர்களின் கருத்து மட்டுமே ஏற்கப்படும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படிவம் திரும்பி வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தினமும் வருகிறவர்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தாகூடத் தினமும் வருவதாக யாரோ அவருக்காக டிக் போட்டிருந்தார்கள்.

பல் டாக்டரும் தினசரிதான். "பத்து வருஷமா நடக்கறேன் சார். காலையில பத்து சுத்து. அந்த மரங்க எல்லாத்தையும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்."

"அப்ப வாசல் உங்க வீட்டுக்கு எதிர்ல வந்தா வசதியாப் போச்சே டாக்டர்?"

பல் டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் நடக்கறதுக்காகப் போறவன். வாசல் வீட்டுக்கு எதிர்ல இருந்தா எங்க நடக்கறது? அதுவுமில்லாம வண்டிங்களை எல்லாம் என் க்ளினிக் வாசல்ல நிறுத்துவாங்க. பல்வலியோட வர்றவன் வண்டியை எங்க நிறுத்துவான்? அவன் சாபம் உங்களைத்தான் சேரும்."

பல்வலிக்காரன் சாபம் பொல்லாதது. வரைவாளர் வாசலைக் கிழக்கிலிருந்து சுரண்டித் தெற்கில் வரைந்தார்.

தெற்குத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை இருந்தார். அவர் தனியாக வரவில்லை. நாற்பத்தொரு ஆட்சேபணைக் கடிதங்களோடு வந்தார். நாற்பத்தொன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே சிவப்பு மையில், ஓரத்தில் மார்ஜின் போட்டு எழுதப்பட்டிருந்தன.

"எல்லாத்தையும் நீங்களே எழுதினீங்களாம்மா?"

"கருத்து அவங்களோடது. எழுத்து என்னோடது. அவங்க எழுதினா அதைப் படிக்க முடியாது. எழுந்து நின்னு பேசுங்க."

வரைவாளர் எழுந்து நின்றார்.

"என் பேரப்பிள்ளைங்க தினமும் சாயங்காலம் அந்தப் பூங்காவுலதான் ஊஞ்சல் ஆடுதுங்க. அதுங்களை நான்தான் கூட்டிட்டுப் போறேன். அதனால சொல்றேன். இப்பவே அங்க இருந்து வர்ற பசங்க கூச்சல் தாங்கல. வாசலும் எங்க பக்கம் வந்தா, நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்."

"உங்க பேரப்பிள்ளைங்களும் அந்தக் கூச்சல்ல..."

"என் பேரப்பிள்ளைங்க கூச்சல் போடாது. சத்தம் போடாம ஊஞ்சல் ஆடும். மாத்திட்டு எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தே இருந்தார். அவர் கண்ணெதிரில் சுரண்டியதால் பிளேடு தவறி, தாள் கிழிந்து தெற்குச் சுவரில் ஒரு ஓட்டை விழுந்தது. வரைவாளர் அதை அவசரமாகப் பிசின் நாடா ஒட்டி மறைத்தார். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "இந்த வேலி நல்லா இருக்கு. இதை அப்படியே வச்சிடுங்க" என்றார்.

மிச்சமிருந்த மேற்குத் தெருவுக்கு வாசல் போயிற்று. அங்கே ஒரு தியான ஆசிரியர் இருந்தார். அவர் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"கோபமே இல்லை தம்பி" என்றார். "தினமும் விடியக்காலையில அந்தப் பூங்காவோட நடுவுல உட்கார்ந்து கண்ணை மூடிடுவேன். அங்க இருக்கிற அமைதி இருக்கே, அதை வார்த்தையில சொல்ல முடியாது. அந்த அமைதி எங்க தெருப் பக்கம் கலையக் கூடாது. வாசலை எடுத்துட்டா எனக்குக் கோபம் வராது. எடுக்கலைன்னா வரும். எனக்குக் கோபம் வந்து பதினாலு வருஷமாச்சு. வந்தா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியலை."

வரைவாளர் அன்று மாலை யோசித்து யோசித்து ஒரு மூளைக்கார வேலை செய்தார். எந்தத் தெருவிலும் வேண்டாமென்றால் தெருமுனையில் வைத்துவிட்டால் என்ன? வடகிழக்கு மூலையில் ஒரு அழகான வாசல் வரைந்து, மேலே வளைவு போட்டு, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்தார்.

முன்பு ஒரு வாசலுக்கு ஒரு தெருதான் சண்டைக்கு வந்தது. இப்போது இரண்டு தெரு சேர்ந்து வந்தது. வக்கீலும் பல் டாக்டரும் பல வருடங்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள். ஒரு பல்லைப் பிடுங்கியது சம்பந்தமாக அவர்களுக்குள் வழக்கே இருந்தது. அன்று அவர்கள் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள்.

"இவன் நம்ம ரெண்டு பேரையும் ஒரே கல்லுல அடிக்கப் பார்க்கறான் டாக்டர்" என்றார் வக்கீல்.

"விடக் கூடாது வக்கீல் சார்" என்றார் டாக்டர். பின்னால் உட்கார்ந்து வந்ததால் அவர் கை இன்னும் வக்கீலின் தோள்மேல் இருந்தது.

வரைவாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாது மனிதர்களுக்கு ரோஷம் வருவது பெரும்பாலும் தப்பான நேரத்தில்தான். ஒரு பக்கம் வைத்தால்தானே அநியாயம், எல்லாருக்கும் சமமாக இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் நான்கு வாசல் வரைந்து, படத்தைப் பொதுக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தார்.

அந்த வட்டாரத்தில் நான்கு தெருக்காரர்களும் ஒன்றாகக் கூடியது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. தண்ணீர் வராதபோது கூடவில்லை. சாக்கடை பொங்கியபோது ஒவ்வொரு தெருவும் அடுத்த தெருவைக் கைகாட்டியது. நான்கு வாசல் என்றதும் ஒரே நாளில் 'பூங்கா நேசர்கள் கூட்டமைப்பு' பிறந்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெருவுக்கு ஒரு பதவி. தலைப்பு அச்சடித்த தாளில் பெரிய இன்ஜினியருக்குப் புகார் போயிற்று. தினமும் நாங்கள் உயிராக நினைத்து உலவும் இந்தப் பூங்காவை ஒரு வரைவாளரின் விளையாட்டுக்குப் பலி கொடுக்க மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. மார்ஜின் போட்டிருந்தது.

பெரிய இன்ஜினியரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாலு வாசலா? நாலு வாசலுக்கு நாலு காவலாளி யார் போடறது? உங்க மாமனாரா?"

"சார், எந்தப் பக்கம் வச்சாலும்..."

"எனக்குத் தெரியாத பூங்காவா அது? ஞாயித்துக்கிழமை ஆனா நானே அங்க ஒரு சுத்து சுத்திட்டு வர்றவன். எவ்வளவு கூட்டம், எவ்வளவு ஜனம்! இருநூத்திப் பன்னிரண்டு பேர் தினமும் வர்ற இடம் இந்த ஊர்ல வேற எங்கயாவது இருக்கா? அதைப் போய்க் கெடுத்து வச்சிருக்கீங்களே. நாளைக்கு மதியம் கூட்டம். ஒரு ஆட்சேபணை வந்தாலும் இது இங்கேயே கிடக்கும்." கண்ணாடிக் குண்டை விரலால் தட்டினார்.

அறைக்குத் திரும்பியதும் வரைவாளர் மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, கையெழுத்து ஆயிடுச்சா? பாப்பா உங்க சட்டைக்கு அலமாரியில ஒரு தட்டு காலி பண்ணி வச்சிருக்கா."

அது போதாதா? எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். வடக்கில் தூக்கம், கிழக்கில் பல்வலி, தெற்கில் பேரப்பிள்ளை, மேற்கில் தியானம்.

அந்தப் பக்கம் கணக்கு டீச்சர் நான்கு தெருவையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நாலு பேருக்கும் வேணாம்னா, நாலுலயும் பூஜ்யம் போட்டுடுங்க. கணக்கு சரியா வந்துடும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

"விளையாடாதே. வாசல் இல்லாம ஒரு பூங்காவா?"

"நான் எங்க வேணாம்னேன்? அவங்கதானே வேணாங்கறாங்க. சரி, பாப்பா கூப்பிடறா, வைக்கட்டுமா?"

போனை வைத்துவிட்டு அவர் வரைபலகை முன்னால் நின்றார். இது சரியில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஊஞ்சலாடும் பேரப்பிள்ளைகள். பொழுது விடிந்தால் பத்துச் சுற்று நடக்கிறவர், கண்ணை மூடி உட்காருகிறவர். அத்தனை பேர் மூஞ்சியிலும் சுவரெழுப்ப இவர் யார்? பிறகு அலமாரியில் காலியாக இருக்கும் அந்தத் தட்டை நினைத்தார். பிளேடை எடுத்தார்.

நான்கு வாசலையும் சுரண்டி, நான்கு பக்கமும் சுவரைச் சேர்த்து இழுத்தார். பார்த்தால் வெறிச்சென்று இருந்தது. சுவரோரம் முழுக்க வரிசையாகச் செடிகள் வரைந்து பச்சை மை தீட்டினார். கூட்டத்தில் யாராவது கண்டுபிடித்தால் விட்டுப்போச்சு சார் என்று தலையைச் சொறிந்துகொள்ளலாம். யாராவது ஒருவராவது கண்டுபிடிக்காமலா போவார்?

கூட்டம் பொதுக்கூடத்தில் நடந்தது. பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டமைப்பு உட்கார்ந்திருந்தது. படம் சுவரில் தொங்கியது. கடைசியில், கதவோரமாக, பூங்காவின் தோட்டக்காரர் ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தார். பூங்கா வேலையாள் ஒருவர் நிற்க வேண்டும் என்று விதி இருந்ததால் கூப்பிட்டிருந்தார்கள்.

வக்கீல்தான் முதலில் எழுந்து போய்ப் பார்த்தார். வடக்குச் சுவரை மட்டும் பார்த்தார். விரலால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தடவினார். முகம் மலர்ந்தது.

"இப்பதான் சார் இது மக்களோட பூங்கா!"

டாக்டர் போய்க் கிழக்குச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஆசிரியை தெற்குச் சுவரைப் பார்த்து, தன்னுடைய வேலி அப்படியே இருப்பதில் திருப்தியடைந்தார். தியான ஆசிரியர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மேற்குச் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நடைபாதை, விளக்கு, பெஞ்சு, ஊஞ்சல் எதையும் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த தெருப் பக்கம் கண்ணை ஓட்டியவரும் யாருமில்லை. வாசல் அங்கே எங்கேயாவது இருக்கும் என்ற சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் வழிந்தது. நான்கு தெருக்காரர்களும் ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்று டாக்டர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் டாக்டர்" என்றார் வக்கீல்.

பெரிய இன்ஜினியர் பேனா மூடியைத் திறந்தார். "ஆட்சேபணை ஏதாவது?"

கூட்டமைப்பு கை தட்டத் தயாரானது.

கதவோரத்தில் ஒரு கை உயர்ந்தது. தோட்டக்காரர்.

வரைவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மற்றவர்கள் படத்தில் சுவரைப் பார்த்தார்கள். இந்த மனுஷன் முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார். தினமும் உள்ளே போய் வேலை செய்கிறவர், வாசல் இல்லாததை அவர் கண்டுபிடிக்காமல் வேறு யார் கண்டுபிடிப்பார்? போச்சு. எல்லாம் போச்சு.

"சார், அந்தப் படத்துல ஒரு சந்தேகம்..."

"நீ யாருய்யா?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"தோட்டக்காரன் சார்."

"நம்ம இலாகா ஆள்தானே? பொதுமக்கள் இல்லையே? அப்ப உனக்குக் கருத்து கிடையாது. கையைக் கீழே போடு."

கை கீழே போயிற்று. கூட்டமைப்பு கை தட்டியது. 'ஆட்சேபணை இல்லை' என்று சிவப்பு முத்திரை விழுந்தது. பெரிய இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து மாறுதல் உத்தரவை எடுத்து, அங்கேயே முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான்கு தெருத் தலைவர்களும் வரைவாளரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

உத்தரவு பையில் இருந்தது. நாளைக்குப் பஸ். குதித்துக்கொண்டு போக வேண்டிய மனிதர் கூடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பேரப்பிள்ளைகள் சுவருக்கு வெளியே நின்று ஊஞ்சலைப் பார்ப்பதுபோல் ஒரு காட்சி கண்முன்னால் வந்து வந்து போயிற்று. வெளியே தோட்டக்காரர் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வரைவாளர் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கேட்க வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். வாசல்தானே? தெரிஞ்சேதான் அழிச்சேன். என் குழந்தையைப் பார்க்கணும்கிற ஆசையில இத்தனை பேரோட வழியை அடைச்சிட்டேன். நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க. நீங்க சொல்லுங்க, இப்பவே உள்ள போய் எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன். மாறுதல் போனா போகட்டும்."

தோட்டக்காரர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"வாசலா? அதை யார் கேட்டா சார், சாவி தொலைஞ்சு பூட்டு துருப்பிடிச்சு எட்டு வருஷமாச்சு, ஒருத்தர்கூட வந்து ஏன்னு கேட்கலை. நான்தான் தினமும் ஏறிக் குதிச்சுத் தண்ணி ஊத்தறேன், அந்தச் சுவரை மட்டும் ஒரு முழம் தாழ்வாக் கட்டச் சொல்றீங்களா?"